ஒரு சாண் தண்ணீர்

இந்த வருஷத்தின் முதல் உள்ளானை ஆடிப்பெருக்கு கழிந்த மூன்றாம் நாள் காலையில் பார்த்தேன். உக்கடம் பெரியகுளத்தில், கல் பதித்த சரிவு தண்ணீரைத் தொடும் இடத்தில், பின்பாதியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே தனியாக நடந்துகொண்டிருந்தது. உள்ளான் தண்ணீரோரம் பூச்சி பொறுக்கும் பறவை, மைனாவைவிடச் சற்றுச் சின்ன உடம்பு. முதுகு ஈரமண் நிறம், வயிறு சுண்ணாம்பு வெள்ளை. அந்த வெள்ளை தோளுக்கு முன்னால் மேலேறி ஒரு கொக்கிபோல வளைந்திருக்கும். அதை வைத்துத்தான் தூரத்திலிருந்தே அடையாளம் சொல்வேன். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் என்னைத் தாண்டி வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

வலசைப் பறவை என்றால் மார்கழிக் குளிரோடு வருவது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். உள்ளானுக்கு அந்தக் கணக்கு கிடையாது. வடக்கே கோடை குறுகியது. ஆற்றோரக் கற்களுக்கு நடுவே முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு பொரித்த கையோடு பெரிய பறவைகள் தெற்கே கிளம்பிவிடுகின்றன. பல சமயம் குஞ்சுகள் நன்றாகப் பறக்கத் தொடங்கும் முன்பே தாய் புறப்பட்டுவிடும். குஞ்சுகள் யாரையும் வழி கேட்காமல் பின்னால் தாமாகவே வந்து சேரும். அதனால்தான் ஆடியிலேயே முதல் உள்ளான் இங்கே நிற்கிறது. ஒரு குடும்பத்தை நடத்தி முடித்துவிட்டு மலைகளைத் தாண்டி வந்து, இந்தக் காற்றில் நின்று பூச்சி பொறுக்குகிறதே என்ற நினைப்பு ஒவ்வொரு வருஷமும் என்னை உலுக்கிவிடுகிறது.

கோவையை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் இடம் சொல்லிவிடுகிறேன். வெள்ளியங்கிரி மலைப்பக்கம் பிறந்து வரும் நொய்யலை ஆங்காங்கே அணைக்கட்டுகளில் மறித்து, வாய்க்கால் வெட்டி, வரிசையாகக் குளங்களை நிரப்பியிருக்கிறார்கள் நம் முன்னோர். கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி, பெரியகுளம், வாலாங்குளம், சிங்காநல்லூர்க் குளம். வயலுக்குப் பாய்ச்ச வெட்டியவை. வயல்கள் வீட்டுமனைகளாகிப் போன பிறகு குளங்கள் மட்டும் நகரத்துக்குள் மிஞ்சின. பெரியகுளம் 300 ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. கிழக்கே உக்கடம் பஸ் ஸ்டாண்டும் மீன் மார்க்கெட்டும். மேற்கே தண்ணீருக்கு அப்பால் மலை வரிசை. சில வருஷங்களுக்கு முன் கரையை அகலப்படுத்தி நடைபாதை, சைக்கிள் பாதை, விளக்கு, உட்காரத் திண்டு எல்லாம் போட்டார்கள். இப்போது அது ஒரு குளக்கரைப் பூங்கா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால் கோவையில் பாதிப் பேரை அங்கே பார்க்கலாம்.

நான் போவது விடிகாலையில். டவுன்ஹால் பக்கம் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது, ஒன்பதரைக்குத் திறந்தால் போதும். அந்தக் கடையில்தான் எல்லாமே தொடங்கியது. 9 வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளி ஆசிரியை, குளத்துப் பறவைகளின் படம் போட்ட தாள் ஒன்றைக் கொண்டுவந்து 60 பிரதி கேட்டார். ஒரு தாளில் 24 பறவைகள், கீழே பெயர்கள். ஒரு பிரதி மட்டும் வெளிறிப்போய் வந்தது. அதைக் கசக்கிப் போட மனம் வராமல் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அதுவரை எனக்குக் கொக்கு என்றால் கொக்கு, வாத்து என்றால் வாத்து. சும்மா இருந்த மதியங்களில் அந்தப் பெயர்களைப் படிக்கத் தொடங்கினேன். நாமக்கோழி: நெற்றியில் வெள்ளை நாமம். பாம்புத்தாரா: நீந்தும்போது உடம்பு மூழ்கிப்போய்க் கழுத்து மட்டும் பாம்புபோல வெளியே நிற்கும். உண்ணிக்கொக்கு: மாட்டோடு திரிந்து உண்ணி பொறுக்கும். குருட்டுக்கொக்கு: நாம் காலடியில் போகும்வரை கண் தெரியாததுபோல அசையாமல் இருக்கும். முக்குளிப்பான், நத்தைகுத்தி நாரை, பவளக்கால் உள்ளான். இந்தப் பெயர்களை வைத்தவர்கள் எத்தனை காலம் தண்ணீரோரம் நின்று பார்த்திருக்க வேண்டும்! தினமும் இந்தக் குளத்தைத் தாண்டித்தான் கடைக்கு வருகிறேன், ஒன்றையும் நின்று பார்த்ததில்லை என்பது உறைத்தது.

அப்போது என் மகள் இரண்டாம் வகுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளையும் தாளையும் கூட்டிக்கொண்டு கரைக்குப் போனேன். ஜெராக்ஸ் தாளில் நிறம் இல்லை அல்லவா? வீட்டுக்கு வந்ததும் கலர் பென்சிலை எடுத்துக்கொண்டு, பார்த்த பறவைகளுக்கு மட்டும் நிறம் தீட்டினாள். மிச்சத்துக்கும் அடித்துவிடேன் என்றதற்கு, “பாக்காததுக்கு எப்படிப்பா கலர் அடிக்கறது?” என்று கேட்டாள். அதுவே எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. இத்தனை வருஷத்தில் 24இல் 23 நிறமாகிவிட்டன. ஒன்று மட்டும் இன்னும் வெளிறிய கோடாகவே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஆடி மாதத்துக் கோவையைச் சொல்ல வேண்டுமென்றால் காற்றைத்தான் சொல்ல வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அது வழியாக நேராக ஊருக்குள் வருகிறது. மழை மலைக்கு அந்தப் பக்கமும் மலை உச்சியிலும் கொட்டித் தீர்ந்துவிடும். நமக்குச் சாரலும் காற்றும்தான். ஆனாலும் குளம் நிரம்பும். ஊரில் ஒரு சொட்டு விழாத நாளில்கூட வாய்க்காலில் செம்மண் நிறத்தில் தண்ணீர் புரண்டு வரும். மழை பெய்யாமலே குளம் நிரம்புவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் அதிசயமாக இருக்கிறது. அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை ஊர்மேலேயே பெய்து இன்னொரு தடவை நிரப்பும். ஒரு வருஷத்தில் குளத்துக்கு இரண்டு பிறவி.

இந்தக் காற்றுக் காலத்தில்தான் நீளவால் இலைக்கோழி கூடு வைக்கும். இதைப் பார்த்திராதவர்கள் ஒரு தடவையாவது போய்ப் பாருங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். சாக்லேட் நிற உடம்பு, வெள்ளை முகம், பின்கழுத்தில் தங்கத் தகடு ஒட்டியதுபோல மஞ்சள், கதிர் அரிவாளாக வளைந்த நீளமான கறுப்பு வால். கால் விரல்கள் அவ்வளவு நீளம். உடல் எடையை அந்த விரல்கள் பரப்பிவிடுவதால் மிதக்கிற இலைமேல் தரையில் நடப்பதுபோல நடக்கும். பெண் பெரியது. ஒரே பருவத்தில் பல ஆண்களோடு சேர்ந்து ஆளுக்கொரு கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். நான்கு முட்டைகளையும் ஏறக்குறைய நான்கு வாரம் அடைகாத்துக் குஞ்சை வளர்ப்பது அப்பன் வேலை.

மூன்று வருஷத்துக்கு முன் மேற்குக் கரைப் பக்கம் ஆகாயத்தாமரை மேல் ஒரு ஆண் பறவை அடை உட்கார்ந்திருந்தது. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் நீர்நிலைகளை மூடிக்கொண்ட களை அது. அதை அகற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் அகற்றுகிற வேலை அந்த வாரமே வந்தது. காலையில் நான் போனபோது பொக்லைன் கரையில் நின்று கைநீட்டி வாரிக்கொண்டிருந்தது. பறவை முட்டையை விட்டு எழவில்லை. இயந்திரத்தின் கை ஒவ்வொரு தடவை தண்ணீரில் விழும்போதும் அலை வந்து கூட்டைத் தூக்கிப் போட்டது. ஓட்டுநரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர்தான், எட்டிப் பார்த்தார், “சொன்ன வேலையைத்தானுங்க செய்யறோம்” என்றார்.

அங்கே பரிசலில் மீன் பிடிக்கும் ஒரு பெரியவர் உண்டு. எத்தனையோ நாள் பார்த்துச் சிரித்திருக்கிறோம், பேசியதில்லை. அன்று அவர்தான் ஒன்றும் சொல்லாமல் பரிசலைத் தள்ளிக்கொண்டு போய், ஒரு திண்ணை அளவு ஆகாயத்தாமரையை வலைக்கயிற்றால் சுற்றி வளைத்து, கயிற்றை ஒரு கழியில் கட்டி நட்டுவிட்டு வந்தார். மீதி எல்லாம் போயிற்று. அந்தத் திண்ணை மட்டும் நடுத்தண்ணீரில் கழியோடு ஆடிக்கொண்டு நின்றது. ஒரு நாள் அந்த ஆண் பறவை, ஓரமாகச் சரிந்த முட்டைகளை அலகால் நகர்த்தி நடுவில் சேர்ப்பதைப் பார்த்தேன். ஆடி அமாவாசைக்கு மறுநாள் மூன்று குஞ்சுகள். பிறந்த அன்றைக்கே அந்தப் பெரிய விரல்களோடு இலைமேல் தத்தித் தத்தி நடந்தன. கடைக்குப் போக மனமே வரவில்லை.

அந்தப் பெரியவர் அன்றிலிருந்து எனக்கு அண்ணனாகிவிட்டார். அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் குளத்தை நான் பார்க்கும் விதத்தையே மாற்றியது. அது ஐப்பசி மாதம். நல்ல மழை, குளம் தளும்பி நின்றது. நான் உற்சாகமாகப் பைனாக்குலரை எடுத்துக்கொண்டு போனால் கரையோரம் ஒரு உள்ளான்கூட இல்லை. புரட்டாசி முழுக்கக் கூட்டமாக மேய்ந்த பொறி உள்ளான்கள், பவளக்கால் உள்ளான்கள், அரிவாள் மூக்கன்கள் எல்லாம் எங்கே போயின? இவ்வளவு தண்ணீர் இருந்தும் பறவை இல்லையே என்று அவரிடம் கேட்டேன்.

“தம்பி, குருவிக்குத் தண்ணி வேணும்னு எல்லாரும் நெனைச்சுக்கறாங்க. அதுகளுக்கு வேணுங்கறது ஒரு சாண் தண்ணிங்க. அதுக்கு மேல இருக்கறதெல்லாம் மீனுக்குங்க.”

வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க அது விரிந்துகொண்டே போனது. பவளக்கால் உள்ளானின் சிவப்புக் கால் கிட்டத்தட்ட ஒரு சாண்தான். அந்த ஆழம் தாண்டினால் அதனால் நின்று மேய முடியாது. பொறி உள்ளானுக்கு இரண்டு விரல் ஆழம் போதும். சாதாரண உள்ளானுக்கு ஈரம் இருந்தாலே போதும். வாலை மேலே தூக்கித் தலையை உள்ளே விட்டு மேயும் வாத்துகளுக்கு ஒரு முழம்வரை எட்டும். நாமக்கோழியும் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கக் கூடியவை. ஆள் ஆழம் அவற்றுக்குப் பொருட்டில்லை. எந்தப் பறவைக்கு எத்தனை ஆழம் என்று பிரித்துப் பார்த்தால், பாதிக்கு மேற்பட்டவை கரையிலிருந்து சில அடி தூரத்துக்குள் வாழ்கின்றன. அந்தச் சில அடி ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. குளம் நிரம்பும்போது கரைப்பக்கம் வரும், வற்றும்போது உள்ளே நகரும். பறவைகள் அதன் பின்னாலேயே நகர்கின்றன. எல்லாக் காலத்திலும் குளத்தில் எங்கேயாவது ஒரு சாண் தண்ணீர் இருக்க வேண்டுமென்றால் கரை மெல்ல மெல்லச் சரிய வேண்டும். மாட்டு வண்டி இறங்கும் சரிவுபோல.

பூங்காவுக்காகக் கட்டிய கரை அப்படிச் சரியவில்லை. கல் பதித்து நெட்டுக்குத்தாக இறங்கி உடனே ஆழமாகிவிடுகிறது. நடப்பவர்களுக்கு நல்லது, கரை உடையாது, பார்க்கச் சுத்தமாக இருக்கிறது. நானும் தினமும் அதன்மேல்தான் நடக்கிறேன், அந்தத் திண்டில்தான் உட்கார்ந்து டீ குடிக்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2013 கோடையில் குளம் காய்ந்து கிடந்தபோது ஊரே திரண்டு தூர்வாரியது நினைவிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் போய் மண் சுமந்தேன். தோண்டத் தோண்ட, ஆழமாக ஆழமாக, குளத்துக்கு நல்லது செய்கிறோம் என்ற நிறைவோடு வீடு திரும்பினேன். நிலத்தடி நீருக்கு அது நல்லதுதான், இன்றைக்குக் கூப்பிட்டாலும் போவேன். ஆனால் ஓரத்தைத் தோண்டாதீர்கள், அங்கே ஒரு சாண் போதும் என்று சொல்ல அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் மண் சுமந்த யாருக்கும் தெரிந்திருக்காது.

சரி, மாதங்களுக்கு வருகிறேன். ஆவணி முடிவில் கரும்சாம்பல் வாலாட்டி வரும். புரட்டாசியில் ஒரு நாள் காலை மின்கம்பியெல்லாம் தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். முந்தின நாள் ஒன்றுகூட இருந்திருக்காது. நீலவால் பஞ்சுருட்டான்கள் தண்ணீர்மேல் பறந்து தும்பி பிடிக்கும். இதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்வதைக் குறித்து வைக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். மகள் பத்தாம் வகுப்புவரை அவள்தான் எழுதினாள்.

மார்கழி, தை குளத்தின் திருவிழா. விடிகாலை ஐந்தே முக்காலுக்குப் போனால் பனிமூட்டத்தில் எதிர்க்கரை தெரியாது. கோட்டைமேட்டுப் பக்கமிருந்து பாங்குச் சத்தமும் எங்கோ ஒரு கோயிலில் திருப்பாவையும் கேட்கும். தண்ணீரிலிருந்து முக்குளிப்பானின் நடுங்கும் சிரிப்புக் குரல். மெல்ல வெளிச்சம் வரும்போது கறுப்புப் புள்ளிகளாக நாமக்கோழிகள் தெரியும், அப்புறம் அவற்றுக்கு நடுவே வாத்துகள். ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன். இவை மத்திய ஆசியாவிலும் அதற்கு வடக்கேயும் குஞ்சு பொரிப்பவை. 1960களில் ராஜஸ்தானின் பரத்பூரில் காலில் வளையம் மாட்டிவிட்ட வாத்துகள் சைபீரியாவில் அகப்பட்டன. அப்படித்தான் இவற்றின் ஊர் நமக்குத் தெரிந்தது.

தட்டைவாயனை ஒரு மணி நேரம் சலிக்காமல் பார்ப்பேன். அலகு நுனி கரண்டிபோல அகன்றது. அதன் ஓரத்தில் சீப்புப் பல்போல நெருக்கமான இழைகள். தண்ணீரை வாங்கி இழைகள் வழியாக வெளியே விட்டால் நுண்ணுயிர்களும் விதைகளும் உள்ளே தங்கிவிடும். பத்து இருபது பறவைகள் சேர்ந்து ஒன்றன் வால் பின்னால் ஒன்றாக வட்டமடித்து நீந்தும். அந்தச் சுழலில் அடியிலிருக்கும் இரை மேலே எழும்பி வரும். கும்மியடிக்கிற பெண்கள்போல, ஒன்றுகூட வரிசை தப்பாது. சாக்கடை கலந்த தண்ணீரில் இந்த நுண்ணுயிர்கள் அதிகம் என்பதால் அழுக்குத் தண்ணீரிலும் தட்டைவாயன் நன்றாகவே மேயும். இதைச் சொல்லிக் குளம் அழுக்காகவே இருக்கட்டுமே என்று வாதிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது சம்மதமில்லை. அந்தத் தண்ணீரில் பிடித்த மீனைத்தான் அண்ணன் வீட்டிலும் சாப்பிடுகிறார்கள். கழிவு வரக் கூடாது. அதே சமயம், கழிவை நிறுத்துவதும் சேற்று ஓரத்தை இல்லாமல் செய்வதும் ஒரே வேலை என்று யாரும் நினைத்துவிடவும் கூடாது.

கூழைக்கடாக்கள் வந்தால் மட்டும் பூங்காவே நின்று பார்க்கும். அத்தனை பெரிய உடம்பு தண்ணீரில் இறங்குவது விமானம் இறங்குவது மாதிரி இருக்கும். குழந்தைகள் கத்துவார்கள், பெரியவர்கள் போனை எடுப்பார்கள். எனக்கு அந்த நேரம் பிடிக்கும். ஒரு தடவை ஒரு பாட்டி என்னிடம் பைனாக்குலரை வாங்கிப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, தாடைக்குக் கீழ பையே வெச்சிருக்குதுங்களே!” என்று வியந்து, பேரனைத் தூக்கிப் பிடித்துக் காட்டினார். அன்று அந்தப் பைனாக்குலர் என்னிடம் திரும்பி வர அரைமணி நேரம் ஆனது. அதேபோல மீன் மார்க்கெட்டுக்கு மேலே செம்பருந்து வட்டமிட்டால், நடந்துகொண்டே அண்ணாந்து பார்த்து, கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பறவை பார்ப்பது நம் ஊருக்குப் புதிதில்லை.

பொங்கல் நாட்களில் தமிழகம் முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளலாம். குறைந்தது 15 நிமிஷம் ஓரிடத்தில் நின்று பார்த்தவற்றை எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்ட் இணையதளத்தில் பதிந்தால் போதும். பொங்கல் அன்று வாசலில் பானை பொங்கி முடித்ததும் நானும் மகளும் கரைக்கு ஓடிவிடுவோம். நாமக்கோழிகளை எண்ணுவது பெரும்பாடு. எண்ணிக்கொண்டிருக்கும்போதே சேற்றுப் பூனைப்பருந்து நாணல்மேல் தாழப் பறந்து வரும். உடனே அத்தனையும் தண்ணீரை உதைத்துக்கொண்டு நடுக்குளத்துக்கு ஓடும். மறுபடி ஒன்றிலிருந்து.

மாசியில் மாறுதல் தெரியும். வாத்துகள் மேய்வதே வேலையாக இருக்கும். பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கின்றன. சாம்பலும் வெள்ளையுமாக இருந்த மீசை ஆலாவுக்கு உச்சி கறுத்து, வயிறும் இருண்டு, கன்னத்தில் வெள்ளைக் கோடு பளிச்சென்று வந்துவிடும். அந்த வெள்ளைதான் மீசை. பெயருக்கு அர்த்தம் பங்குனியில்தான் புரியும். பிறகு ஒரு நாள் கம்பியில் தகைவிலான் இருக்காது. வந்த நாளை நோட்டில் குறிக்க முடிகிறது. போன நாளைக் குறிக்க முடிவதில்லை. நேற்றுப் பார்த்ததுதான் கடைசி என்று இன்றைக்குத்தானே தெரிகிறது!

சித்திரை, வைகாசியில் பூங்காவில் கூட்டம் குறைந்துவிடும். தண்ணீர் உள்வாங்கிச் சேறு வெடிப்புவிட்டு, கொஞ்சம் நாற்றமும் அடிக்கும். குளம் அசிங்கமாகிவிட்டது என்பார்கள். எனக்கோ இதுதான் மிகச் செழிப்பான மாதம். ஆழத்தில் ஒளிந்திருந்ததெல்லாம் ஒரு சாண் தண்ணீருக்கு வந்துவிடும். நத்தைகுத்தி நாரைகள் சேற்றில் இறங்கி நத்தை தேடும். மூடினாலும் நடுவில் இடைவெளி விடும் அலகு அவற்றுக்கு. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது, வளர்ந்த பிறகுதான் வருகிறது. வருஷம் முழுக்க மண்ணோடு மண்ணாக நின்ற குருட்டுக்கொக்கின் முதுகு இப்போது பீட்ரூட்டை நறுக்கியதுபோல நிறம் மாறியிருக்கும். மகள் இதற்கு இரண்டு தடவை நிறம் தீட்டியிருக்கிறாள், பாதி உடம்புக்கு ஒன்று, பாதிக்கு இன்னொன்று.

போன சித்திரையில் காய்ந்த சேற்றில் சரளைக்கற்களுக்கு நடுவே ஆள்காட்டி ஒன்று முட்டையிட்டிருந்தது. கூடு என்று ஒன்றும் கிடையாது, ஒரு சின்னக் குழி, நாலு முட்டை, கல்லோடு கல்லாக. நிழலே இல்லை. பதினொரு மணி வெயிலில் தரை கொதித்தது. அந்தப் பறவை எழுந்து, எஞ்சியிருந்த தண்ணீருக்கு நடந்து போய், வயிற்றை அமுக்கி நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்டத் திரும்பி வந்து முட்டைகள்மேல் உட்கார்ந்தது. முட்டைகளைக் குளிர்விக்கிறது. கொஞ்ச நேரத்தில் மறுபடி போனது, மறுபடி நனைத்துக்கொண்டு வந்தது. தண்ணீருக்கும் முட்டைக்கும் நடுவே நாற்பது அடி இருக்கும். நான் இருந்த நேரத்தில் 7 தடவை எண்ணினேன். யாராவது பக்கத்தில் போனால் “டிட்டி-டூ-இட்” என்று ஊரையே எழுப்பும் அந்தப் பறவை, அந்த வேலையை மட்டும் சத்தமே இல்லாமல் செய்தது. பிறகு கடைக்கு வந்து விசிறிக்குக் கீழே உட்கார்ந்தபோது எனக்கு என்னவோபோல இருந்தது.

இப்போது நிறம் தீட்டாத அந்தப் பறவைக்கு வருகிறேன். மயில் உள்ளான். நாணலும் சேறும் ஒரு சாண் தண்ணீரும் சேர்ந்த மறைவில் இருப்பது. இருட்டு விலகும் முன்பும் இருட்டிய பிறகும்தான் வெளியே வரும். இதிலும் பெண்தான் அழகு: கருஞ்சிவப்புக் கழுத்து, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், தோளில் வெள்ளைப் பட்டை. அடைகாப்பது ஆண். பழைய கரை இருந்தபோது சாதாரணமாக அகப்படும் என்று மற்ற பறவை ஆர்வலர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் பார்க்கத் தொடங்கும்போது கரை மாறத் தொடங்கிவிட்டது. நாணல் இருந்த இடத்தில் விளக்குக் கம்பங்கள் வந்தன. இருட்டு வேண்டிய பறவை வெளிச்சத்தில் என்ன செய்யும்? 9 வருஷத்தில் எத்தனை விடிகாலை போய் உட்கார்ந்திருப்பேன் என்று கணக்கில்லை.

கல் பதிக்காமல் மிஞ்சியிருப்பது மேற்குப் பக்கம் வாய்க்கால் வந்து சேரும் மூலை. தண்ணீர் கொண்டுவரும் வண்டல் அங்கே படிந்து, தானாகவே மெல்லச் சரிகிற ஒரு கரையை உண்டாக்கியிருக்கிறது. நாணல்போல உயரும் சம்புப் புல் முளைத்திருக்கிறது. அங்கே விளக்கும் இல்லை, திண்டும் இல்லை. குப்பை உண்டு. போன ஐப்பசியில் நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்து மூட்டை மூட்டையாக நெகிழியும் அறுந்த வலைகளும் எடுத்தோம். அந்த மூலையையும் ஒழுங்குபடுத்தப் போகிறார்கள் என்ற பேச்சு அவ்வப்போது வருகிறது. வந்தால், எந்த மேஜை முன்னாலும் போய் நின்று ஒரு சாண் தண்ணீரைப் பற்றிச் சொல்வதாக இருக்கிறேன். பறவைப் பட்டியலும் 9 வருஷத்து நோட்டும் 30 பிரதி எடுத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.

முதல் உள்ளானைப் பார்த்த அன்று அதன் பின்னாலேயே நடந்தேன். கல் சரிவில் கொஞ்ச தூரம் மேய்ந்துவிட்டு, காற்று தூக்கியடிக்க, தண்ணீரை ஒட்டி விறைத்த சிறகோடு பறந்து அந்த மூலைக்குத்தான் போனது. அங்கே அண்ணன் பரிசலைக் கவிழ்த்து வைத்துத் தார் பூசிக்கொண்டிருந்தார்.

“வந்துருச்சுங்களாண்ணா?” என்றேன்.

“அது முந்தாநேத்தே வந்துருச்சுங்க தம்பி” என்றார் நிமிராமல். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சம்புப் பக்கம் காட்டினார். “வேற ஒண்ணு சொல்லோணும்னு இருந்தேன். ரெண்டு நாளா, இருட்டுக் கட்டுன பொறகு அங்கிருந்து ஒரு சத்தம் வருதுங்க. காலி பாட்டில் வாயில ஊதுனா கேக்குமே, அந்த மாதிரி. ஊம், ஊம்னு.”

எனக்குக் கை நடுங்கிவிட்டது. பெண் மயில் உள்ளான் கூப்பிடுவது அப்படித்தான் இருக்கும் என்று படித்திருக்கிறேன். அன்று சாயங்காலம் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மகள் இப்போது பிளஸ் ஒன். மறுநாள் அவளுக்குத் தேர்வு. விஷயத்தைச் சொன்னதும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து, அலமாரியின் மேல்தட்டில் பழைய கலர் பென்சில் டப்பாவைத் தேடத் தொடங்கினாள்.

“கலர் அப்புறம் அடிக்கலாம் கண்ணு, முதல்ல பாக்கணுமே” என்றேன்.

“செருப்பைப் போடுங்கப்பா, இருட்டிடும்” என்றாள்.